ஐப்பசி மழைக்குப் பூசணி, கருப்பட்டி, தேங்காய்ப்பால் காக்டெயில்: திரியாமல் வருவது எப்படி?

பாளை_மழை | சனி, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். தீபாவளிக்கு மறுநாள் எங்கள் வீட்டு மாடியில் ஆறு பேர் கூடுகிறோம், எல்லாரும் முப்பதைத் தாண்டியவர்கள். கனடாவில் இருக்கும் என் அத்தை மகன் அக்டோபர் வந்தால் அங்கே ஒரு காக்டெயில் செய்வான். பூசணி மசியல், க்ரீம், ரம், மேப்பிள் பாகு, அதற்கு மேல் பட்டை, சுக்கு, கிராம்பு, ஜாதிக்காய். அவன் அனுப்பிய படத்தைப் பார்த்ததும், நம் ஊர் அடைமழைக்கும் இது பொருந்துமே என்று ஆசை வந்துவிட்டது. மேப்பிள் பாகைத் தேடி அலையவில்லை. வீட்டில் கருப்பட்டி இருக்கிறது.

இரண்டு தடவை செய்து பார்த்தேன், இரண்டும் கெட்டுப்போயின. முதல் தடவை பெட்டியில் வரும் ஃப்ரெஷ் க்ரீம் போட்டேன். இனிப்பு தூக்கலாக இருந்ததால் அரை மூடி எலுமிச்சை பிழிந்தேன். இரண்டு நிமிடத்தில் தம்ளர் ஓரமெல்லாம் வெள்ளைத் துணுக்குகள், அடியில் பழுப்புத் தண்ணீர். இரண்டாம் தடவை க்ரீமுக்குப் பதில் தேங்காய்ப்பால் எடுத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பாகை அப்படியே அதில் ஊற்றினேன். மேலே எண்ணெய் மினுமினுத்தது. நாக்கில் வைத்தால் மணல் மாதிரி நெருடியது.

எங்கே பிழை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தென்காசி_சாரல் | சனி, இரவு 9.25

எலுமிச்சைதான் காரணம். அதை விட்டுவிடுங்கள்.

பாளை_மழை | சனி, இரவு 9.31

இரண்டாம் தடவை எலுமிச்சையே போடவில்லையே அண்ணாச்சி. அப்புறமும் திரிந்ததே!

அம்பை_மதினி | சனி, இரவு 10.05

தம்பி, உங்கள் இரண்டு தவறும் வேறு வேறு. ஒன்றுக்குச் சொன்ன மருந்து மற்றதற்கு ஆகாது.

நான் குடிப்பவள் இல்லை. ஆனால் தேங்காய்ப்பால் எப்போது திரியும், எப்போது திரியாது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் முப்பது வருஷமாகச் சொதி வைக்கிறேன். மறுவீட்டு விருந்துக்கு இருநூறு பேருக்கு வைக்கும்போது பால் திரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தலை நிமிர முடியாது.

சொதியில் என்ன செய்கிறோம்? காயையும் பாசிப்பருப்பையும் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேகவைக்கிறோம். முதல் பால் கடைசியில்தான். தீயைக் குறைத்து, முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கூடி வரும்போதே ஏனத்தை இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் போச்சு, எண்ணெய் தனியே, திப்பி தனியே. ஆனால் இறக்கி ஆறிய பிறகு அதே சொதியில் எலுமிச்சை பிழிகிறோமே, அப்போது திரிகிறதா? இல்லை.

தேங்காய்ப்பாலுக்குச் சூடுதான் எதிரி. பசும்பாலுக்குப் புளிப்புதான் எதிரி. நீங்கள் க்ரீமில் புளிப்பை விட்டீர்கள், தேங்காய்ப்பாலில் சூட்டை விட்டீர்கள். பாகைக் கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு, முதல் பாலைக் கடைசியில் சேருங்கள். நிச்சயம் வரும்.

பாளை_மழை | சனி, இரவு 10.12

மதினி, இதைப் படித்ததும் எழுந்து போய் அம்மாவிடம் கேட்டேன். அம்மாவும் இதையேதான் சொன்னாள். சொதி வைக்கிற வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

பார்_மேசை | சனி, இரவு 11.40

எனக்கும் ஊர் கல்லிடைக்குறிச்சிப் பக்கம்தான். பதினாறு வருஷம் ஹோட்டல் பார்களில் நின்றிருக்கிறேன், அதில் பாதி வளைகுடாவில். மதினி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் க்ரீமைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன்.

இங்கே பெட்டியில் கிடைக்கும் ஃப்ரெஷ் க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம். கனடாவில் உங்கள் அத்தை மகன் ஊற்றுகிற க்ரீமில் 33-க்கு மேல் இருக்கும். கொழுப்பு குறைந்தால் புரதத்தின் பங்கு கூடும், திரிவதற்கு வாய்ப்பும் கூடும். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் அமிலத்தன்மை 4.6 பிஎச் அளவை நெருங்கும்போது கட்டிதட்டும். எலுமிச்சைச் சாறு அதைவிடப் பல மடங்கு புளிப்பு. போதாததற்கு ஆல்கஹாலும் திரிவதற்குத் துணை நிற்கும். பால் கொள்முதல் செய்யும் இடங்களில் ஒரு குழாயில் பாலையும் ஆல்கஹாலையும் கலந்து பார்ப்பார்கள். புளிக்கத் தொடங்கிய பால் உடனே திரிந்து காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் தம்ளரில் நடந்ததும் அதுதான்.

இதனால்தான் பெரும்பாலான க்ரீம் காக்டெயில்களில் புளிப்பு இருக்காது. பிராண்டி அலெக்ஸாண்டரை எடுத்துக்கொள்ளுங்கள்: பிராண்டி, கொக்கோ மதுரம் (கொக்கோ சேர்த்த இனிப்பு மது), க்ரீம், மூன்றும் சம அளவு, மேலே துருவிய ஜாதிக்காய். அவ்வளவுதான். தேங்காய்ப்பாலில் ரம் கலப்பதும் புதிதில்லை. போர்ட்டோ ரிக்கோ தீவில் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு கோக்கிட்டோ என்று ஒன்று செய்கிறார்கள். தேங்காய்ப்பால், கண்டென்ஸ்டு மில்க், ரம், பட்டை, ஜாதிக்காய். ரம், தேங்காய், அன்னாசி சேரும் பீனா கொலாடாவும் அந்தத் தீவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மறுப்பு உண்டு. காக்டெயில் என்றால் ஐஸ் போட்டுக் குலுக்க வேண்டும். குலுக்காமல் அந்த மிருது வராது.

அம்பை_மதினி | ஞாயிறு, காலை 6.50

தேங்காய்ப்பாலை ஐஸில் குலுக்கினால் நெய் உறைந்த மாதிரி பொடிப்பொடியாக நிற்குமே. மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்ததில்லையா?

பார்_மேசை | ஞாயிறு, காலை 8.15

பார்த்திருக்கிறேன் மதினி. தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். டப்பாவில் வரும் தேங்காய்ப்பாலில் கெட்டித்தன்மை குலையாமல் இருக்கப் பசைப் பொருள் ஏதாவது சேர்த்திருப்பார்கள். அதைத்தான் நான் இத்தனை வருஷம் குலுக்கியிருக்கிறேன். கையால் பிழிந்த பாலுக்கு அது கிடையாது. இன்று இரண்டு விதமாகவும் செய்து பார்த்துவிட்டு வருகிறேன்.

வாத்தியார்_நெல்லை | ஞாயிறு, காலை 9.30

உங்கள் எல்லாரையும்விட மூத்தவன் என்ற உரிமையில் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, காலம் பற்றி. இதை 'இலையுதிர்காலப் பானம்' என்று எழுதுகிறார்கள். நம் ஊரில் வேம்பு இலை உதிர்ப்பது மாசி பங்குனியில். ஐப்பசியில் தாமிரபரணிக் கரையைப் பாருங்கள், வருஷத்திலேயே பச்சை கூடி நிற்கும் மாதம் அதுதான். ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்தது கூதிர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுது நமக்கு உண்டு. கூதிர் என்றாலே குளிர்காற்று. கனடாக்காரனுக்கு அது காய்ந்த இலையும் அறுவடையும். நமக்கு ஈரச் சுவரும், காயாத துணியும், நனைந்த மண்ணும். எனவே இந்தப் பானம் ஈரத்துக்கு எதிராக நிற்க வேண்டும். சுக்கு முன்னால் வர வேண்டும். பட்டை பின்னால் போகட்டும்.

இரண்டு, குடி பற்றி. என்னிடம் படித்த பிள்ளைகளில் சிலரை இதற்குப் பறிகொடுத்திருக்கிறேன். அதனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இனிப்பும் கொழுப்பும் சேர்ந்த பானத்தில் சாராயத்தின் காரம் தெரியாது. தெரியாததால் அளவு தவறும்.

பாளை_மழை | ஞாயிறு, காலை 9.52

ஐயா, நீங்கள் சொன்னது மனசில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு தம்ளர், அதற்கு மேல் கிடையாது என்று இப்போதே முடிவு செய்துகொள்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் அன்று ராத்திரி எங்கள் வீட்டில்தான் தங்குகிறார்கள்.

பார்_மேசை | ஞாயிறு, காலை 10.20

ஐயா சொன்னதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். நம் ஊரில் கிடைக்கும் ரம் 42.8 சதவீதம் ஆல்கஹால். 45 மில்லி ரம்மில் சுத்த ஆல்கஹால் மட்டும் 19 மில்லிக்கு மேல். பூசணி, பாகு, பால் எல்லாம் சேர்ந்து தம்ளரில் 155 மில்லி வருகிறது என்றால், அது 12 சதவீதத்துக்கும் மேல். ஸ்ட்ராங் பீரே 8 சதவீதத்துக்குள்தான். பாயசம் மாதிரி இறங்கும், ஆனால் பாயசம் இல்லை. வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் விட்டிருப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். ஒரு தம்ளரே அதைத் தாண்டவைக்கலாம். 21 வயது ஆகாதவர் கையில் இது போகவே கூடாது. தம்பி எல்லாரையும் வீட்டிலேயே தங்கவைப்பதுதான் சரி.

உடன்குடி_பனை | ஞாயிறு, மதியம் 1.05

எல்லாரும் பாலையே பேசுகிறீர்கள். கருப்பட்டியைப் பற்றி யாராவது கேட்டீர்களா?

பதநீர் இறங்குவது பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும். ஐப்பசியில் உங்கள் கைக்கு வருவது நாலைந்து மாதம் இருந்த கருப்பட்டி. இது குறை இல்லை. இருந்து பழகிய கருப்பட்டியில்தான் அந்தக் கறுத்த வாசனை, புகையும் லேசான கசப்பும் கலந்த வாசனை வரும். எங்கள் ஆச்சி ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருப்பாள். ரம்மும் கரும்புச் சக்கைப்பாகிலிருந்து வருவதுதான். இரண்டும் ஒன்றையொன்று தெரிந்தவை மாதிரிச் சேரும். வெல்லம் போட்டால் வெறும் இனிப்புதான் மிஞ்சும்.

ஆனால் மழைக்காலத்தில் கருப்பட்டி கசியும். கசிந்து ஓரம் புளித்ததை வாங்காதீர்கள். அந்தப் புளிப்பே க்ரீமைத் திரிக்கப் போதும். வாங்கியதும் ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். உடைத்த இடம் மங்கலாக, மண் நிறமாக இருக்க வேண்டும். சீனி மாதிரி மின்னினால் கலப்படம் என்று எங்கள் பக்கம் ஒதுக்கிவிடுவோம். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விற்பதெல்லாம் உடன்குடியிலிருந்து வருவதில்லை.

பாகுக்கு 100 கிராம் கருப்பட்டி, 100 மில்லி தண்ணீர். கரைந்ததும் மெல்லிய துணியில் கட்டாயம் வடிகட்டுங்கள். மண்ணும் தும்பும் எப்படியும் இருக்கும். வடிகட்டியதை மறுபடி அடுப்பில் ஏற்றி, விரலில் லேசாக ஒட்டும் பதத்தில் இறக்குங்கள். கம்பிப்பதம் வேண்டாம், ஆறினால் கட்டியாகிவிடும்.

கடையம்_கார்த்திகை | ஞாயிறு, மதியம் 1.40

ரம்முக்குப் பதில் கள் ஊற்றினால் இன்னும் நம் ஊர்ச் சுவையாக இருக்குமே?

உடன்குடி_பனை | ஞாயிறு, மதியம் 2.00

எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. அதோடு கள் புளிப்பு, பூசணியோடு சேராது.

தென்காசி_சாரல் | ஞாயிறு, மாலை 4.30

நேற்று அவசரப்பட்டு ஒற்றை வரியில் பதில் சொல்லிவிட்டேன், அதற்கு ஈடாக ஜாதிக்காயைப் பற்றி எழுதுகிறேன்.

குற்றாலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1800-ஐ ஒட்டிய காலத்திலேயே ஜாதிக்காய், கிராம்பு, பட்டை எல்லாம் தோட்டம் போட்டுப் பார்த்தது. இன்றும் அந்தப் பக்கம் ஜாதிக்காய் மரம் உண்டு. காய் வெடித்தால் உள்ளே கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலை மாதிரி இருப்பது ஜாதிபத்திரி. கொட்டையை உடைத்தால் உள்ளே இருப்பதுதான் நாம் கடையில் வாங்குவது. வெட்டிய முகத்தில் பழுப்பும் வெளுப்புமாகக் கோடு கோடாக, சலவைக்கல் மாதிரி இருக்கும்.

பொடி பாக்கெட் வாங்காதீர்கள், மணம் போயிருக்கும். முழுக்காயாக வாங்குங்கள். துருவிப் போட்டால் பானத்தின் மேல் தூசி மாதிரி மிதக்கும், தொண்டையில் அடைக்கும். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு உரைமருந்து கொடுக்கிற கல் இருக்கிறது. வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் எல்லாம் அதில்தான் உரசுவார்கள். அந்தக் கல்லில் தேங்காய்ப்பால் ஒரு சொட்டு விட்டு, ஜாதிக்காயை நாலைந்து சுற்று உரசிப் பாருங்கள். சந்தனம் மாதிரி வழுவழுவென்று வரும். அதை விரலால் வழித்துப் பாகில் கலந்தால் திப்பியே இருக்காது. ஒரு தம்ளருக்கு இரண்டு சுற்று போதும். ருசியாக இருக்கிறதே என்று கூட்டிவிடாதீர்கள். ஜாதிக்காய் அளவு மீறினால் நெஞ்சு படபடப்பு, தலைசுற்றல், மயக்கம் வரை கொண்டுபோய்விடும். குடியோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

வாத்தியார்_நெல்லை | ஞாயிறு, மாலை 5.10

உரைகல்லை நினைவூட்டியதற்கு நன்றி. மணத்தோடு அந்தக் கல் சத்தமும் ஞாபகம் வந்தது.

வீகேபுரம்_வாசி | ஞாயிறு, மாலை 6.20

பூசணியை யாரும் பேசவில்லையே. நான் வேகவைத்துப் போட்டுப் பார்த்தேன், பச்சை வாடை அடிக்கிறது, தண்ணீர்விட்டுப் போகிறது. சீனிக்கிழங்கு போட்டால் என்ன?

அம்பை_மதினி | ஞாயிறு, இரவு 7.15

மஞ்சள் பூசணியைத் தண்ணீரில் வேகவைக்கக் கூடாது. தோலோடு பெரிய துண்டாக இட்லிச் சட்டியில் ஆவியில் வையுங்கள். வெந்ததும் தோலை நீக்கி, மசித்து, தோசைக்கல்லில் பைய வதக்குங்கள். முதலில் ஆவி பறக்கும். அப்புறம் ஓரம் பிடித்து, நிறம் காவியாக மாறி, அல்வாவுக்கு முந்தின வாசனை ஒன்று வரும். அந்த இடத்தில் இறக்க வேண்டும். கால் கிலோப் பூசணி கைப்பிடி அளவுக்குச் சுண்டும். பச்சை வாடை எங்கே போனதென்று தெரியாது.

சீனிக்கிழங்கு மாவாக இருக்கும். கூழ் மாதிரி ஆகிவிடும். வேண்டுமானால் தணலில் சுட்டுத் தின்னுங்கள், மழைக்கு அதற்கு ஈடு இல்லை.

பார்_மேசை | ஞாயிறு, இரவு 9.45

செய்து பார்த்துவிட்டேன். ஐஸில் குலுக்கியது தோற்றது. வெள்ளைப் பொடி தம்ளர் சுவரில் ஒட்டி நின்றது. மதினி ஜெயித்தார், மனமார ஒப்புக்கொள்கிறேன்.

எனக்குச் சரியாக வந்த முறை இது. வதக்கிய பூசணி இரண்டு மேசைக்கரண்டி, ஆறிய பாகு 20 மில்லி, சுக்குப்பொடி இரண்டு சிட்டிகை, பட்டையும் கிராம்பும் பொடித்தது ஒரு சிட்டிகை, உரசிய ஜாதிக்காய், ஒரு கல் உப்பு, 45 மில்லி கருப்பு ரம். இவற்றை மட்டும் மிக்சியில் ஓட்டி வடிகட்டுங்கள். ரம் முதலில் பூசணியில் கலந்து நீர்த்துவிடுவதால் அப்புறம் பாலை உறுத்தாது. கடைசியில் முதல் பால் 60 மில்லி. மிக்சியை ஒரு தட்டு மட்டும் தட்டி நிறுத்துங்கள். பூசணியின் நாரும் பிசுக்கும் கொழுப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிரியாது. அரை மணி நேரம் வைத்துப் பார்த்தேன், மேலே ஒரு விரல்கடை தெளிந்தது. ஒரு கலக்குக் கலக்கினால் சேர்ந்துகொண்டது.

ஐஸ் வேண்டாம். ஏனத்தை வெந்நீரில் கொஞ்ச நேரம் உட்காரவைத்து வெதுவெதுப்பாகக் கொடுங்கள். அடுப்பில் நேராக வைக்காதீர்கள். உப்பை மறக்காதீர்கள், அந்த ஒரு கல் உப்பில்தான் கருப்பட்டி எழுந்து நிற்கிறது.

களக்காடு_மருமகள் | திங்கள், காலை 10.40

எங்கள் வீட்டில் ரம் வாசல்படி ஏறாது. ஆனால் படிக்கப் படிக்க எனக்கும் மாமியாருக்கும் வேண்டும் போல இருக்கிறது. வழி உண்டா?

அம்பை_மதினி | திங்கள், காலை 11.15

உண்டு தங்கச்சி. ரம்முக்குப் பதில் கெட்டியான சுக்கு மல்லிக் கஷாயம் அதே 45 மில்லி. சுக்கைத் தட்டி, மல்லியை லேசாக வறுத்துப் போட்டு, ஒரு தம்ளர் தண்ணீரைக் கால் தம்ளராகச் சுண்டவையுங்கள். ஆறியதும் கலக்குங்கள். சொதி வைத்தால் இஞ்சிப் பச்சடி கட்டாயம் வைக்கிறோமே, ஏன்? தேங்காய்ப்பால் வயிற்றில் மந்தமாக நிற்கும், இஞ்சி அதை நகர்த்தும். இங்கே சுக்கு அந்த வேலையைச் செய்யும். மாமியாருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் கருப்பட்டியும் இனிப்புதான், நாட்டுப் பொருள் என்று விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. முதல் பாலைக் காலையிலேயே பிழிந்து வைக்காதீர்கள். மழைநாளில் கரண்டும் போகும், வெளியே வைத்த பால் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். பூசணியும் பாகும் முந்தின நாளே தயாராக இருக்கலாம். பால் மட்டும் குடிக்கிற நேரத்துக்கு. ஒரு தேங்காய்த் துருவலுக்கு அரைத் தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், அதற்கு மேல் விட்டால் அது இரண்டாம் பால்தான்.

பாளை_மழை | தீபாவளிக்கு மறுநாள், இரவு 11.50

செய்துவிட்டோம். திரியவில்லை!

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிடித்த மழை ஒன்பதரைக்குத்தான் விட்டது. மாடியில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். மூன்று தேங்காய் பிழிந்தோம். எங்கள் வீட்டில் உரைகல் இல்லை, பக்கத்து வீட்டு ஆச்சியிடம் வாங்கி வந்தேன். என்ன விஷயம் என்று கேட்டு, ஆச்சியே உட்கார்ந்து ஜாதிக்காயை உரசித் தந்தார்.

நிறம் சுட்ட செங்கல்லைப் பாலில் கரைத்தது மாதிரி. முதல் வாயில் கருப்பட்டிதான் தெரிந்தது. விழுங்கியதும் சுக்கு மெல்ல ஏறியது. ரம் கடைசியில், தொண்டைக்குக் கீழே. வாத்தியார் ஐயா சொன்னபடி பட்டையைக் குறைத்திருந்தோம், அது மிகவும் சரியாக இருந்தது. ஆளுக்கு ஒரு தம்ளர், அதோடு நிறுத்திக்கொண்டோம். அம்மாவும் ஆச்சியும் கஷாயம் சேர்த்த தம்ளரைக் குடித்தார்கள். ஆச்சி, 'லேகியம் தின்ன வயிற்றுக்கு இது இதமா இருக்கு' என்று சொன்னார்.

அத்தை மகனுக்குப் படம் அனுப்பினேன். அங்கே கருப்பட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்கிறான்.

உடன்குடி_பனை | மறுநாள், காலை 6.30

விலாசம் அனுப்பச் சொல்லுங்கள் தம்பி, இரண்டு கிலோ நானே அனுப்புகிறேன்.

அம்பை_மதினி | மறுநாள், காலை 7.05

மூன்று தேங்காய் பிழிந்தீர்களே, இரண்டாம் பாலை என்ன செய்தீர்கள்? கொட்டிவிடவில்லையே?

பாளை_மழை | மறுநாள், காலை 7.20

ஃப்ரிட்ஜில் இருந்தது மதினி. அம்மா இன்னொரு தேங்காய் உடைத்து, இப்போது சொதி வைத்துக்கொண்டிருக்கிறாள். இஞ்சி நறுக்குகிற வேலை எனக்கு.